யாரும் வாங்கிக்கொள்ளாத வாக்குமூலம்

"மறுபடியும் வந்துட்டியா தம்பி?" என்றார் ஏட்டு.

மறுபடியும்தான். அந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்காருவது அது மூன்றாவது தடவை. மற்றவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைக்கிற பெஞ்சு அது. நான் மட்டும் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, வெயிலில் நடந்து நானாக வந்து உட்கார்ந்திருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வருகிறவன் இவ்வளவு நல்ல சட்டையோடு வந்தால் எவனும் நம்ப மாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஸ்டேஷன் திருச்சியில் எங்கே இருந்தது என்று எழுதப்போவதில்லை. இன்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் பாவம், அவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பினாயில் வாசனை. கஞ்சி போட்டு விறைத்த காக்கி அரை நிஜார்கள். ஆணியில் மாட்டியிருந்த சிவப்புத் தொப்பி. இவைதான் ஞாபகம் இருக்கின்றன. ஐம்பதுகள் முடிகிற காலம். நான் ஐந்தாம் பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டையா, ரயிலுக்கு வெடி வெச்சது நான்தான். கதிர்வேல் இல்ல" என்றேன்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன" என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

என்னை எப்படி நம்பவைப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அதைச் சொன்னால் என் அப்பாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் என் சிநேகிதன் கதிர்வேலைக் கோர்ட்டில் நிறுத்தி, சிறுவர்களை அடைத்துவைக்கும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

விளக்கில்லாத சைக்கிள்

கதிர்வேல் யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

என் அப்பா சவரிமுத்து, கூட்ஸ் வண்டியில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுகிறவர். டவுன் ஸ்டேஷன் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கதிர்வேலின் அப்பா மருதை அதே லைனில் கேங்மேன். தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த ஆப்பை அடித்து, ஜல்லி கொட்டிச் சரிசெய்கிற வேலை. காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், லைன் ஓரத்துக் குடிசையில் அவர்கள் இருந்தார்கள். நானும் கதிரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

எங்களுக்குப் போலீஸ் புதிதில்லை. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்து விளக்கில்லாமல் சைக்கிள் விட்டால் கேஸ். பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போனாலும் கேஸ். ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வாடகை சைக்கிளில் இரண்டு குற்றத்தையும் ஒன்றாகச் செய்துகொண்டு வந்தோம். மிதித்தவன் நான். கேரியரில் உட்கார்ந்திருந்தவன் கதிர். பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"யாரு மவன்டா நீ?"

"கார்டு சவரிமுத்து மகன் சார்."

"நீ?"

"கேங்மேன் மருதை மவனுங்க."

அறை கதிருக்கு விழுந்தது. எனக்கு, "ரயில்வே ஆபீசர் புள்ள, இப்படியெல்லாம் திரியலாமா?" என்று புத்திமதி. அப்பா ஒன்றும் ஆபீசர் இல்லை. நான் திருத்தவில்லை.

இன்னொரு தடவை ஸ்ரீரங்கத்தில் ஒரு நந்தவனத்தில் புகுந்து கொய்யா பறித்தோம். பெருமாளுக்குப் பூ எடுக்கிற தோட்டம் அது. அதைப் பார்த்துக்கொண்ட ஐயங்கார் எங்கள் இருவரையும் போலீசில் ஒப்படைத்தார். ஒப்படைத்தவருக்கே மனசு கேட்கவில்லை. என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையாண்டான் நல்ல குடும்பத்துக் குழந்தையாட்டம் இருக்கான். இவனை விட்டுடுங்கோ" என்றார். என்னை விட்டார்கள். கதிரை வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். நான் எதிர்ச் சாரியில் வேப்பமரத்தடியில் நின்று, அவன் வருகிறவரைக்கும் காத்திருந்தேன். காத்திருந்ததையே பெரிய சிநேகிதமாக நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் கதிர் சிரித்தான். "உன் கூட வந்தா ஒரு வசதிடா லூர்து. உன் பங்கும் எனக்கே கிடைச்சுடுது" என்றான். நானும் சிரித்தேன். தப்பு செய்தால் அடி விழும் என்று மற்றப் பையன்கள் கற்றுக்கொண்ட வயதில், அடி விழுவதற்கென்று வேறு ஒருத்தன் இருக்கிறான் என்று நான் கற்றுக்கொண்டேன்.

சிவப்பு டப்பா

ரயில்வே வீடுகளில் 'பட்டாசு' என்றால் தீபாவளி ஞாபகம் வராது. செருப்புப் பாலிஷ் டப்பா மாதிரி தட்டையாக, சிவப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் ஈயத்தில் காது. தண்டவாளத்தின் மேல் வைத்துக் காதை மடக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறினால் வெடிக்கும். முன்னால் ஆபத்து, நிறுத்து என்று அர்த்தம். மூடுபனியிலும் மழையிலும் கொடி தெரியாது, சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். வெள்ளத்தில் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்த அரியலூர் விபத்து நடந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு எந்த டிரைவரும் அந்தச் சத்தத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. கொடி, கைவிளக்கு, விசில், பட்டாசு எல்லாம் அதில் இருக்கும். பூட்டுப் போட்டது. நான் ரயில்வே ஸ்டேஷனுக்கு டிபன் கேரியர் கொண்டுபோயிருந்த ஒருநாள் அப்பா குளிக்கப் போயிருந்தார். பூட்டு திறந்தபடி தொங்கியது. ஒன்றை எடுத்து நிஜார் பையில் போட்டுக்கொண்டேன்.

எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பா பச்சைக் கொடியை அசைத்தால் அவ்வளவு நீளமான வண்டி நகர்கிறது. என்னால் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஆடி மாதம். காவிரியில் செம்மண் நிறத்தில் வெள்ளம். பாலத்திலிருந்து டவுன் பக்கமாக லைன் இறங்குகிற இடத்தில் நான் குனிந்து ஈயக் காதை மடக்கினேன். கதிர் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம்டா. இது எங்கப்பா பாக்குற லைன்டா. அவரு மேலதான் வரும்."

"யாருக்குடா தெரியப்போவுது? நின்னுட்டுப் போயிடும்."

"லூர்து, சொன்னாக் கேளுடா."

கேட்கவில்லை. நொச்சிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கூட்ஸ் வண்டி பாலத்தின் மேல் தடதடவென்று வந்தது. வெடித்தது. ஆற்றங்கரைக் காக்கைகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. பிரேக் பிடித்த சக்கரங்கள் கிறீச்சிட்டன. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே போகிற சத்தம் பின்னால் பாலம் வரைக்கும் கேட்டது. நான் எழுந்து குதிக்கப் போனேன். என்னால் ஒரு ரயில் நின்றுவிட்டது.

அப்போதுதான் எஞ்சினிலிருந்து அந்த அலறல் வந்தது.

எஞ்சினில் டிரைவர் மட்டும் இருப்பதில்லை. நிலக்கரி அள்ளிப் போட ஃபயர்மேன் ஒருவர் இருப்பார். அந்த நேரம் அவர் உலைக் கதவைத் திறந்து கரி போட்டுக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்த வேகத்தில் முன்னால் விழுந்து, இரண்டு கையையும் உலைக்குள் ஊன்றிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அலறலைக் கேட்டதும் நான் வீட்டுப் பக்கம் ஓடினேன். கதிர் எஞ்சினைப் பார்த்து ஓடினான்.

கதிர்தான் தன் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து அந்த மனிதரின் கையில் சுற்றினானாம். சுற்றி முடித்ததும் டிரைவர் அவன் கழுத்தைப் பிடித்தார்.

போலீசுக்கு அதிகம் யோசிக்க வேலையில்லாமல் போயிற்று. லைனில் வேலை செய்கிற கேங்மேன்களிடமும் பட்டாசு இருக்கும். கேங் கொட்டகையில் இருந்தவை எண்ணிக்கையில் சரியாக இருந்ததாக மேஸ்திரி சொன்னார். பழையது ஒன்றை மருதை வீட்டில் பதுக்கி வைத்திருப்பான் என்று முடிவு கட்டினார்கள். கதிரைக் கொண்டுபோனார்கள். மருதையை சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பசி

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீடுகளில் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது, பல் துலக்குவது மாதிரி. கோவிலில் ஒரு மரக்கூண்டு. சல்லடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் இருப்பார். இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, செய்த பாவத்தைச் சொல்லவேண்டும். அவர் மன்னிப்புக் கொடுத்துவிட்டால் மன்னிப்புத்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொன்னார். "யாருக்கு நஷ்டம் வந்துச்சோ, அதைச் சரிபண்ண உன்னால ஆனதைச் செய்யணும்" என்றும் சொன்னார். முதலில் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெபமாலையை முடித்து எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. மறுநாள் பூசையில் நற்கருணை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல பசி. அம்மா இட்லிக்குக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இந்தக் கதையில் வேறு எதை நினைத்தாலும் துக்கமாக இருக்கும். அந்தப் பசியை நினைத்தால் மட்டும் அருவருப்பாக இருக்கிறது.

நான் கையைக் கழுவுவதற்குள் கொல்லைப்பக்கம் குரல் கேட்டது. கதிரின் அம்மா செல்லம்மா வாசலுக்கு வரமாட்டாள்; எப்போதும் கொல்லைப்பக்கம்தான்.

"அம்மா, அன்னிக்கு உங்க வீட்டுத் தம்பி கூடத்தான் எம்புள்ள போனான்னு சொல்றாங்க. தம்பி ஒரு எட்டு வந்து, அவன் அப்படியாப்பட்டவன் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா…"

"எங்க பையன் அன்னிக்கு வீட்ட விட்டு எங்கயும் போகல" என்றாள் அம்மா. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சாமிகிட்ட சொல்லிட்டல்ல? மன்னிச்சாச்சு. அதோட விடு."

நான் அம்மாவிடம் எதுவும் சொன்னதில்லை. அப்பாவின் பெட்டியில் ஒன்று குறைந்தது அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் செல்லம்மா உடனே போய்விடவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

குறையில்லைங்க

மறுநாள்தான் முதல் தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கோவில் கூண்டில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். சொல்வேன், தண்டனை கொடுப்பார்கள், கதிர் வெளியே வருவான்.

"பட்டாசு ஏது உனக்கு?" என்று கேட்டார் ஏட்டு.

அப்பாவைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "லைன்ல கெடந்துச்சுங்க."

"கீழ கெடந்து பொறுக்குறதுக்கு அது என்ன நாவப்பழமா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இரண்டாவது தடவை இன்ஸ்பெக்டரே இருந்தார். "கூட்டாளியக் காப்பாத்த வந்திருக்கியா? நல்ல மனசு. போய்ப் படி" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். செய்த குற்றத்துக்காகப் போலீசிடம் தட்டிக்கொடுப்பு வாங்கியவன் திருச்சியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது தடவைதான் ஆரம்பத்தில் சொன்னது. ஏட்டு வெற்றிலையை மடித்து வாயில் போடப் போகையில் சொல்லிவிட்டேன். "எங்கப்பா பெட்டியிலேருந்து எடுத்தேன்."

வெற்றிலை கையிலேயே நின்றது.

"என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? உங்கப்பா வேலை என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் ஏட்டையா."

ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். அப்பா டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம். வெள்ளை யூனிபாரத்தோடு வந்தார். பெட்டி தூக்குகிற ஆள் கறுப்புப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"கார்டு சார், தம்பி ஒன்னு சொல்லுது. உங்க பட்டாசுல ஏதாச்சும் குறையுதுங்களா?"

அப்பா குனிந்து பூட்டைத் திறந்தார். தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைக் கழற்றினார்.

"குறையில்லைங்க. பாத்துக்குங்க."

டப்பா நிறைந்திருந்தது. வருஷக்கணக்காக அந்தப் பெட்டியில் கிடந்து எல்லாம் சாயம் போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. ஒன்று மட்டும் குங்குமச் சிவப்பாக, புதிதாக இருந்தது. எந்த சிநேகிதரிடம் கெஞ்சி வாங்கினாரோ. நான் அதைப் பார்த்தேன். ஏட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை அவரே போட்டார். "பையனுக்கு ஜுரம் கிரம் இருக்கப்போவுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்."

வெளியே வெயில் சுட்டது. பெட்டி தூக்குகிறவனை முன்னால் போகச் சொல்லிவிட்டு அப்பா என்னோடு நடந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது, "உனக்குக் கீழ தம்பி தங்கச்சின்னு நாலு பேரு இருக்காங்க" என்றார்.

"கதிர் வீட்லப்பா?"

வண்டி போனது. கேட் திறந்தது. அப்பா அக்குளிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறுகிறவரைக்கும் அந்தப் பெட்டியை நான் தொட்டதில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர்மேல் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பொய்யை அவரைச் சொல்லவைத்தவனே நான்தான்.

பாலத்தடியில்

கதிரைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பினார்கள். மருதைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் எங்கோ விருத்தாசலம் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆற்றோரத்துக் குடிசையில் வேறு குடும்பம் வந்தது. ஃபயர்மேனுக்கு விரல்கள் மடங்காமல் போய், ரயில்வே ஸ்டேஷனில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர்ச் செம்பை அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்திருப்பாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு ஒருநாள், கதிர் வந்திருக்கிறான், ஸ்ரீரங்கத்தில் ஒரு மரக்கடையில் வேலை செய்கிறான் என்று ஒருவர் சொன்னார். சாயங்காலம் போனேன். காவிரிப் பாலத்தடி மணலில் உட்கார்ந்திருந்தான். மீசை அரும்பியிருந்தது. தோள் அகன்றிருந்தது. என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டான். அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்தேன்.

என்ன பேசவேண்டும் என்று அத்தனை வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனது, ஏட்டு விரட்டியது, அப்பாவைக்கூடக் காட்டிக்கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுடா. அந்தக் காது கேக்காது" என்றான்.

"எப்படிடா?"

"மொத நாளே நான் சொல்லிட்டேன், நீதான் வெச்சேன்னு. நான் ஒன்னும் உனக்காகப் பொத்திக்கிட்டு இருக்கல. கார்டு மவன் பேரையாடா இழுக்குறேன்னு ஏட்டு விட்டாரு பாரு ஒன்னு. அதுல போச்சு."

அப்படியானால் அந்த பெஞ்சில் நான் முதல் தடவை உட்கார்ந்தபோதே ஏட்டுக்குத் தெரியும். நாவல் பழம் என்று சிரித்தபோதும் தெரியும். கதிர் அடி வாங்கியது என் பெயரைச் சொன்னதற்காக. நான் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு இஸ்திரிச் சட்டையோடு போய், ஜுரம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டேன்.

"என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தியே, சொல்லு" என்றான் கதிர்.

எழுந்து அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். பூட்டு திறந்திருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவன் வேண்டாம் என்று தோளைப் பிடித்து இழுத்ததைச் சொன்னேன். அலறல் கேட்டதும் நான் எந்தப் பக்கம் ஓடினேன் என்று சொன்னேன். அவன் அம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது கறிக்குழம்பு வாசனையோடு நான் உள்ளே இருந்ததையும் சொன்னேன்.

ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனதை மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை.